கிண்டி வளாகத்தில் படிப்பவர்கள் குறைந்த செலவில் குடியிருக்கும் பகுதியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் முதுநிலைப் படிப்புக்கோ ஆய்வுக்கோ சேர்ந்து, விடுதியில் இடம் கிடைக்காமல் வெளியே வீடு தேடுகிறவர்கள் பெரும்பாலும் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, வளாகத்தைச் சுற்றி நான்கைந்து கிலோமீட்டருக்குள் எந்தெந்தப் பகுதி வருகிறது என்று பார்க்கத் தொடங்குகிறார்கள். கிண்டியைப் பொறுத்தவரை இந்த முறை தவறான விடையையே தரும். வளாகத்தின் முன்னே செல்லும் சர்தார் படேல் சாலையின் தென்புறம் முழுவதும் ஆளுநர் மாளிகையும் கிண்டி தேசியப் பூங்காவும் ஐ.ஐ.டி. வளாகமும் தொடர்ந்து கிடக்கின்றன. அங்கே வாடகைக்கு வீடும் இல்லை, பொதுமக்கள் குறுக்கே கடந்து செல்ல வழியும் இல்லை. வடக்கே அடையாறு ஓடுகிறது. அதைக் கடக்கச் சைதாப்பேட்டையின் மறைமலையடிகள் பாலத்துக்கோ கோட்டூர்புரம் பாலத்துக்கோ போயாக வேண்டும். ஆகவே வரைபடத்தில் கூப்பிடு தூரத்தில் தெரியும் வேளச்சேரியிலிருந்து கிண்டி வழியாகச் சுற்றி வர ஆகும் நேரத்தைவிட, தொலைவில் தெரியும் பழவந்தாங்கலிலிருந்து ரயிலேறி வர ஆகும் நேரம் பல நாட்களில் குறைவாகவே இருக்கும்.

வீடு தேடத் தொடங்கும் முன் இரண்டு செய்திகளை உறுதி செய்துகொள்வது நல்லது. முதலாவது, சேர்க்கைக் கடிதத்தில் உள்ள வளாகம் எது என்பது. 1949இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியும் (எம்.ஐ.டி.) அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகக் கல்லூரிதான். ஆனால் அது குரோம்பேட்டையில் இருக்கிறது. அங்கே சேர்ந்தவர் சைதாப்பேட்டையில் வீடு பார்ப்பதில் பொருளில்லை; அவருக்குப் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பக்கமே வாடகையும் குறைவு, அலைச்சலும் குறைவு. இரண்டாவது, அரசு விடுதிகள். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைகள் கல்லூரி மாணவர்களுக்காக நடத்தும் விடுதிகள் நகரில் பல இடங்களில் உள்ளன. இவற்றுக்குச் சமூக நீதி விடுதிகள் என்று 2025இல் பெயர் சூட்டப்பட்டது. சைதாப்பேட்டையில் உள்ள எம்.சி. ராஜா மாணவர் விடுதி இவ்வகையைச் சேர்ந்தது. தகுதி உள்ளவர்கள் விண்ணப்பிக்காமலே வெளியில் அறை எடுத்துவிட்டுப் பிறகு கேள்விப்பட்டு வருந்துவது அடிக்கடி நடப்பதால், இதை முதலில் கேட்டு முடித்துவிட வேண்டும்.

வட்டத்தை விடுத்துத் தண்டவாளத்தைப் பாருங்கள்

இந்த வளாகத்துக்கு வந்து சேர மூன்று ரயில் வழிகள் பயன்படுகின்றன. கடற்கரை–தாம்பரம் புறநகர் ரயிலில் வருபவர் கிண்டி நிலையத்தில் இறங்கி, ஹால்டா நிறுத்தம் வழியாகச் செல்லும் பேருந்தில் ஏறிக் காந்தி மண்டபம் பக்கம் இறங்கலாம். இடைப்பட்ட தொலைவு இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மெட்ரோவில் வருபவருக்குச் சின்னமலை நிலையம் அருகில் உள்ளது. காலையில் வெயில் ஏறும் முன் அங்கிருந்து நடந்தே வருபவர்கள் உண்டு. வேளச்சேரிப் பக்கத்தை நகரோடு இணைக்கும் உயர்மட்டப் பாதை ரயிலான பறக்கும் ரயிலில் வருபவர் கோட்டூர்புரத்தில் இறங்கி, அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் பக்கமாக நடந்து வரலாம். எனவே, குறைந்த வாடகையுள்ள பகுதி எது என்று பொதுவாகத் தேடாமல், இம்மூன்று வழிகளில் ஏதேனும் ஒன்றில் உள்ள நிலையத்துக்குப் பத்து நிமிடத்தில் நடந்து போகக்கூடிய இடங்களில் குறைந்த வாடகை எங்கே என்று தேடினால் பட்டியல் உடனே சுருங்கிவிடும். நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போக இன்னொரு ஆட்டோ தேவைப்படும் இடம், வாடகை எவ்வளவு குறைந்தாலும் மலிவான இடம் ஆகாது.

வளாகத்துக்கு மிக அருகில் இருப்பவை கோட்டூர்புரமும் அதை ஒட்டிய பழைய கோட்டூரும்தான். கோட்டூர்புரத்தின் பெரிய தெருக்களில் மாணவர் கொடுக்கும் வாடகைக்கு வீடு கிடைக்காது. ஆனால் கோட்டூரின் உட்தெருக்களில் மாடியில் கட்டிய ஒற்றை அறைகளும் சிறு போர்ஷன்களும் உண்டு. இவை பெரும்பாலும் இணையத்தில் விளம்பரம் ஆவதில்லை. தெருவில் நடந்து டூலெட் பலகைகளைப் பார்த்தும், மளிகைக் கடையிலும் துணி தேய்ப்பவரிடமும் விசாரித்தும், படிப்பை முடித்துக் காலி செய்யும் மூத்த மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துமே இவற்றைப் பிடிக்க முடியும். ஆய்வகத்தில் நள்ளிரவு வரை வேலை உள்ளவர்களுக்கு, அறை சிறியதாக இருந்தாலும், இந்தப் பகுதியே பொருத்தமானது என்பது என் கருத்து.

சைதாப்பேட்டையும் சின்னமலையும் அடுத்தவை. சைதாப்பேட்டையில் கடைத்தெரு, காய்கறிச் சந்தை, மலிவான உணவகங்கள், புறநகர் ரயில், மெட்ரோ, பேருந்து ஆகிய அனைத்தும் இருப்பதால், சமைத்துச் சாப்பிட நினைப்பவருக்கு மாதச் செலவு வெகுவாகக் குறையும். வீடுகள் பழையவை, சந்துகள் குறுகியவை, வண்டி நிறுத்த இடம் கிடைப்பது அரிது. இரு சக்கர வண்டி வைத்திருப்பவர் அறையைப் பார்ப்பதற்கு முன் அதை எங்கே நிறுத்துவது என்பதைப் பார்க்க வேண்டும்.

இவை இரண்டையும் தாண்டி, புறநகர் ரயில் பாதையில் கிண்டிக்குத் தெற்கே உள்ள பரங்கிமலை, பழவந்தாங்கல் நிலையங்களைச் சார்ந்த ஆலந்தூர், ஆதம்பாக்கம், நங்கநல்லூர் ஆகிய பகுதிகள்தான், இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு முழு வீடு எடுக்க விரும்புவோருக்கும் பெற்றோரையோ துணையையோ அழைத்துவர விரும்பும் ஆய்வாளர்களுக்கும் நான் முதலில் சொல்லும் இடங்கள். பரங்கிமலையில் மெட்ரோவும் புறநகர் ரயிலும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. நங்கநல்லூர் பல ஆண்டுகளாகக் குடும்பங்கள் வாழும் அமைதியான பகுதி; அங்கே பேச்சிலர்களுக்கு வீடு மறுப்பவர்களும் சைவ உணவு உண்பவர்களுக்கு மட்டும் கொடுப்பவர்களும் அதிகம். சாப்பாட்டுப் பழக்கத்தைக் கேட்பதாகத் தொடங்கும் விசாரணை சில வீடுகளில் சொந்த ஊர், சாதி என்று நீளும். அப்படிக் கேட்கும் வீட்டில், பின்னாளில் வந்துபோகும் நண்பர்களைப் பற்றியும் கேள்விகள் வரும் என்பதால், வாடகை குறைவு என்பதற்காக அதைப் பொறுத்துக்கொள்வது நீடிக்காது. அதே வாடகையில் ஆலந்தூரிலோ ஆதம்பாக்கத்திலோ இத்தகைய கேள்விகள் இல்லாத வீட்டைத் தேடிக்கொள்ளலாம்.

தரமணி, வேளச்சேரி பக்கத்தைப் பொறுத்தவரை, அங்கே வாடகையைத் தீர்மானிப்பவர்கள் மாணவர்கள் அல்லர். பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் கொடுக்கக்கூடிய தொகையை ஒட்டியே உரிமையாளர்கள் விலை சொல்கிறார்கள். பறக்கும் ரயில் நிலையத்தை ஒட்டி வீடு கிடைத்தால் மட்டும் இப்பகுதியைக் கருதலாம். அப்போதும், பிரம்மாண்டமாகக் கட்டப்பட்ட அந்த நிலையங்களில் இரவு நேரத்தில் ஆள் நடமாட்டம் குறைவு என்பதை நினைவில் வைத்து, இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒருமுறை அங்கே இறங்கி வீடு வரை நடந்து பார்த்துவிட்டே முடிவு செய்ய வேண்டும். மெட்ரோ இரண்டாம் கட்டப் பாதை வரப்போகிறது என்று சொல்லி இப்போதே கூடுதல் வாடகை கேட்பவர்களும் இருக்கிறார்கள். பணி நடக்கும் சாலைகளில் இன்று உங்களுக்குக் கிடைப்பது நெரிசலும் மாற்றுப் பாதையும்தான். நாளை ஓடும் ரயிலுக்கு இன்று வாடகை கொடுக்க வேண்டியதில்லை.

உண்மையான வாடகையைக் கணக்கிடுதல்

உரிமையாளர் சொல்லும் தொகையை மட்டும் வைத்து இரண்டு வீடுகளை ஒப்பிடக் கூடாது. கணக்குக்காக, கோட்டூரில் ஒரு வீட்டின் வாடகை 14,000 ரூபாய் என்றும் பழவந்தாங்கலில் அதே அளவுள்ள வீட்டின் வாடகை 10,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். பழவந்தாங்கலிலிருந்து கிண்டிக்குப் புறநகர் ரயிலின் குறைந்தபட்சக் கட்டணமான 5 ரூபாயே போதும். அங்கிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துக்கும் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 ரூபாய் என்று தாராளமாகவே கொண்டால், மாதம் 25 நாளைக்கு 625 ரூபாய் ஆகிறது. தனியாக இருப்பவர் இதன்பின்னும் மாதம் 3,375 ரூபாய் மிச்சம் பிடிக்கிறார். மூன்று பேர் சேர்ந்து இருந்தால் கணக்கு மாறுகிறது: வாடகையில் தலைக்குக் கிடைக்கும் மிச்சம் 1,333 ரூபாய்தான், பயணச் செலவோ ஒவ்வொருவருக்கும் 625 ரூபாய். வாரத்துக்கு இரண்டு இரவு தாமதமாகி ஆட்டோவில் திரும்புபவர் அந்த மிச்சத்தையும் இழப்பார். ஆக, எத்தனை பேர் சேர்ந்து இருக்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யாமல் பகுதியை முடிவு செய்ய முடியாது. ஆட்கள் கூடக் கூட, வளாகத்தை ஒட்டிய வீட்டின் சுமை தலைக்குக் குறைந்துகொண்டே வரும்.

பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் மாநகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டணப் பேருந்துகள் அனைத்திலும் கட்டணமில்லாப் பயணம் இருப்பதால், மேற்கண்ட கணக்கு மாணவியருக்கு இன்னும் சாதகமாக அமையும். ஆயினும் சொகுசுப் பேருந்துகள் மட்டும் அதிகமாக ஓடும் வழித்தடத்தில் இந்தச் சலுகை காகிதத்தில்தான் இருக்கும். காலை எட்டு மணியளவில் நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்று, எந்தப் பேருந்துகள் வருகின்றன என்று நேரில் பார்ப்பதே சரியான சோதனை.

அட்வான்ஸ் தொகையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு வீட்டுக்கு 1,00,000 ரூபாயும் மற்றொன்றுக்கு 30,000 ரூபாயும் அட்வான்ஸ் என்றால், இடையிலுள்ள 70,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டி என்று பார்த்தாலும் 4,900 ரூபாய், அதாவது மாதம் ஏறக்குறைய 400 ரூபாய் கண்ணுக்குத் தெரியாத வாடகையாகப் போகிறது. அந்தத் தொகையை ஊரில் வெளியே கடனாக வாங்கிக் கொடுக்கும் குடும்பங்களுக்கு இது பல மடங்காகும். புரோக்கர் கேட்கும் ஒரு மாத வாடகைக் கமிஷனையும் தங்கப்போகும் மாதங்களால் வகுத்துப் பாருங்கள். இரண்டாண்டு எம்.இ. படிப்பவர் ஒரே வீட்டில் இருந்தால் அது 24 மாதங்களுக்குப் பரவும். பதினோரு மாதத்தில் காலி செய்ய நேர்ந்தால் சுமை இரட்டிப்பாகும். நான்கைந்து ஆண்டுகள் இருக்கப்போகும் ஆய்வு மாணவர், வாடகை சற்றுக் கூடினாலும், ஆண்டுதோறும் வாடகையை உயர்த்தாத உரிமையாளரைத் தேடுவதே அறிவுடைமை. கீழ்த்தளத்திலோ பக்கத்து வீட்டிலோ குடியிருப்பவரிடம், எத்தனை ஆண்டாக இருக்கிறீர்கள், வாடகை எப்போது ஏறியது என்று கேட்டால் அந்தச் செய்தி கிடைத்துவிடும்.

மின்கட்டணத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. வீட்டு இணைப்புக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது இணைப்புக்கு உரிய சலுகை. குடியிருப்பவருக்கு உரியது அன்று. ஒரே இணைப்பில் மூன்று போர்ஷன்களை ஓட்டும் வீட்டில் அந்தச் சலுகை யாருக்குப் போகிறது என்பது தெரியாது. மூன்று குடித்தனங்களின் மொத்த யூனிட்டும் உயர்ந்த அடுக்குக்குப் போய்விடுவதால், யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளர் தாமாக ஒரு விலை வைத்துச் சப் மீட்டர் பார்த்து வசூலிப்பார். தனி மீட்டர் உள்ள வீட்டுக்கு மாதம் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதில் நட்டமில்லை. உணவுச் செலவும் பகுதியைப் பொறுத்ததே. 1 ரூபாய்க்கு இட்லியும் 5 ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் 3 ரூபாய்க்குத் தயிர் சாதமும் தரும் அம்மா உணவகம் நடந்துபோகும் தொலைவில் உள்ளதா என்று பார்ப்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

தண்ணீர், இரண்டு வகையிலும்

சென்னையில் வீடு பார்ப்பவர் கோடையில் தண்ணீர் வருமா என்றும் மழைக்காலத்தில் தண்ணீர் நுழையுமா என்றும் ஒரே மூச்சில் கேட்க வேண்டியிருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல் ஆகிய பகுதிகளின் ஆற்றோரத் தெருக்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, மடிப்பாக்கம் பக்கம் நாள்கணக்கில் நீர் நின்றது. ஏரியும் சதுப்பு நிலமுமாக இருந்த தாழ்வான பரப்பில் கட்டிய வீடுகளில் நீர் வடிய நேரம் எடுப்பது இயல்பே. இதனால் இப்பகுதிகளை முழுதாக ஒதுக்க வேண்டியதில்லை. ஒரே தெருவின் ஒரு முனை மூழ்கி மறுமுனை தப்பியிருக்கும். ஆகவே பகுதியின் பெயரை வைத்து முடிவெடுக்காமல் தெருவையும் தளத்தையும் பார்க்க வேண்டும்.

இதை உரிமையாளரிடம் கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான் வரும். தெருமுனைக் கடைக்காரரிடம், 2015இல் உங்கள் கடையில் எவ்வளவு உயரம் நின்றது என்று கேளுங்கள். அவர் ரேக்கைக் கைகாட்டிச் சொல்வார். சுற்றுச்சுவரின் அடிப்பகுதியில் உள்ள கறைக் கோடு, மின்மீட்டர் பலகையைச் சமீபத்தில் உயர்த்தி வைத்த அடையாளம், தெருவைவிட வாசற்படி தாழ்ந்திருப்பது ஆகியவையும் சேதி சொல்லும். ஐயம் இருந்தால் முதல் தளத்துக்கு மேலே எடுங்கள். அப்போதும் சம்ப்பில் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியில்) வெள்ளநீர் கலந்தால் வாரக்கணக்கில் தண்ணீர் பயன்படாது என்பதை மறக்கக் கூடாது. நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் ரயில்வே சுரங்கப்பாதை குறுக்கிடுகிறதா என்பதும் கவனிக்கத்தக்கது. கனமழையில் முதலில் மூடப்படுவது அதுதான்.

கோடைத் தண்ணீருக்கு, குழாயைத் திறந்து கையில் பிடித்து வாயில் ஒரு துளி வைத்துப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் கேன் வாங்க வேண்டிவரும். மூன்று பேர் சமைக்கும் வீட்டில் அந்தச் செலவு மாத வாடகையோடு சேர்க்கும் அளவுக்கு வரும். மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரிய) இணைப்பு உண்டா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, லாரித் தண்ணீர் வாங்கினால் செலவை எப்படிப் பிரிக்கிறார்கள், அது மெயின்டெனன்ஸில் அடக்கமா என்பனவற்றை அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்டு முடிக்க வேண்டும்.

எப்போது தேடுவது, எதை எழுதி வாங்குவது

பொறியியல் சேர்க்கை முடிந்து வகுப்புகள் தொடங்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் எல்லாரும் ஒரே நேரத்தில் தேடுவதால் பேரம் பேச இடமிருக்காது. மூத்த மாணவர்கள் காலி செய்யும் மே, ஜூன் மாதங்களே ஏற்றவை. சேர்க்கை தாமதமாக உறுதியாகி அவசரத்தில் வருபவர்கள், முதல் மாதம் மட்டும் பணம் கட்டித் தங்கும் தனியார் (பி.ஜி.) விடுதி ஒன்றில் படுக்கைக் கணக்கில் தங்கிக்கொண்டு, மாலை வேளைகளில் தெருத்தெருவாகப் பார்ப்பது நல்லது. ரயிலைவிட்டு இறங்கிய அன்றே அட்வான்ஸ் கொடுத்து எடுத்த வீட்டைவிட அது நிச்சயம் மலிவாக முடியும். எந்த வீடானாலும் காலையில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் எந்த வாயில் இரவில் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதையும் காவலரிடம் கேட்டு வையுங்கள்; பக்கத்து வாயில் அடைக்கப்பட்டால் ஐந்து நிமிட நடை இருபது நிமிடமாகும்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதும், அது வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதும், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வீட்டு உரிமையாளர்–வாடகைதாரர் சட்டத்தின் விதி. வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றும் அச்சட்டம் சொல்கிறது. அந்த விதிவிலக்கைப் பயன்படுத்தித்தான் ஐந்து, ஆறு மாதத் தொகையைக் கேட்கிறார்கள் என்பதால், கையெழுத்துப் போடும் முன் பேசிக் குறைப்பது உங்கள் பொறுப்பு. குடிநீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி வெளியேற்ற முயல்வதும் சட்டப்படி கூடாது. வீட்டு வாடகைப்படி பெறும் ஆய்வாளர்கள், ரசீது தர உரிமையாளருக்குச் சம்மதமா என்பதை முதல் பேச்சிலேயே கேட்டுவிட வேண்டும். பணமாக மட்டும் வாங்கிக்கொண்டு ரசீது மறுக்கும் வீடு, வாடகை குறைவாக இருந்தாலும், அந்தப் படியை இழக்க வைக்கும்.

ஒப்பந்தத்தில் காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும், பெயின்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள், பாதியில் ஒருவர் போனால் அவருக்குப் பதில் வேறொருவரைச் சேர்க்கலாமா ஆகிய நான்கும் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். சேர்ந்து தங்கும் மாணவர்களுக்கு இவற்றில் கடைசி விதியே பெரும்பாலும் சிக்கலாகிறது. ஒருவர் வேலை கிடைத்துப் போய்விட, மீதி இருவர் முழு வாடகையையும் சுமக்க நேர்கிறது. அட்வான்ஸில் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை உங்களுக்குள்ளும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள். சாவியை வாங்கும் அன்று மின்மீட்டரின் அளவையும், சுவரில் ஏற்கெனவே உள்ள விரிசல், ஈரக் கசிவு, உடைந்த குழாய், கீறல் விழுந்த கதவு ஆகியவற்றையும் படமெடுத்து, அன்றே உரிமையாளரின் கைப்பேசிக்கு அனுப்பிவிட வேண்டும்.